அம்புக்குறி

ஸ்லீப்பில் போட்ட லேப்டாப் திறந்ததும் நீலத்திரையாகி நின்றுவிடுகிறதென்று, பிரிந்துபோன கணவன் தியாகுவை அழைப்பாள் மேகலை. அவன் தன் ஊரிலிருந்தே இணைந்து, கோளாறான டிரைவர் மென்பொருளை நீக்கிப் புதியதைப் போடுவான். அந்த அரைமணி நேரமும் அவன் அசைக்கும் அம்புக்குறி அவள் திரையில் ஓடும். ஐந்தாம் முறை அது ஒரு தேதியின்மேல் நின்றது.

"பழைய டிரைவரை நேத்து நீயேதான் திரும்பப் போட்டிருக்க."

அம்புக்குறி அந்தத் தேதியை ஒருமுறை சுற்றி வந்தது.

"எத்தனை தடவைடி இப்படி?"

"மொதத் தடவை மட்டும் தானா கெட்டுச்சு."

 "இனிமே இது வேணாம்மா" என்றான்.

பழைய டிரைவரை இனி திரும்பப் போட முடியாதபடி அடியோடு அழிக்கவா என்று திரை கேட்டது. அம்புக்குறி 'ஆம்' மேல் போய் நின்றது. மேகலையும் மவுஸைப் பிடித்தாள். இழுத்தால் அது அவளோடு வந்துவிடும். இழுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.