ஊசி ஏறும் கை

கை வலி என்று வந்திருந்த ஒரு அம்மாளின் புறங்கையில் புடைத்திருந்த நரம்பைச் சுருக்க மருந்து ஏற்ற வேண்டும். புது நர்ஸ் குத்திய ஊசி விலகிப் போனது.

"நேத்தும் இப்படித்தான். கயிறு மாதிரி நரம்பு, இதுலயுமா? இன்னொரு தடவை தப்பினா நாளைக்கு வேலைக்கு வராதே," என்ற டாக்டர், "அம்மா, வேற நர்ஸைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம். இவளே குத்தட்டும்." அந்த அம்மாள் கையை அசைக்கவில்லை. "நடுங்காம குத்து."

இந்த முறை ஊசி சரியாக ஏறியது. டாக்டர் தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

நர்ஸ் கிசுகிசுத்தாள். "உங்களுக்குத்தான் கை வலியே கிடையாதே அத்தை, எதுக்கு வந்தீங்க?"

"வேற எவ நரம்பு இவ்ளோ பெருசா இருக்கும்? நான் பெத்தவன் வேலைவெட்டி இல்லாம வீட்டுல கிடக்கறான். நீயும் வந்து உக்காந்தா யாரு சோறு போடுவா? இந்தா, அடுத்த கை."