ராகு காலத்துக்கு முந்திய பொத்தான்

பிறப்புப் பதிவு அலுவலகத்தின் பிரதான கணினி எழுதுவதையெல்லாம் அப்படியே திருப்பி எழுதிக்கொண்டிருந்த காத்திருப்புக் கணினியை, கவுன்ட்டர்களுக்குத் தனியாகப் பதில் சொல்லும் பிரதியாக மாற்றும் விழா. மேடை, ரிப்பன், சந்தனம் தடவிய பொத்தான்.

“சார், பிரதான கணினியில ‘இதுவரைக்கும் நகல் ஆச்சு’ன்னு நான் குறி வச்ச பிறகுதான் இதைப் பிரிக்கணும். அந்தக் குறிக்கு அப்புறம் பதியறதைத்தான் இது தானா வாங்கிக்கும். முன்னாடியே பிரிச்சா, நடுவுல பதியறது இதுல வரவே வராது,” என்று பொறியாளர் செண்பகவல்லி மூன்றாம் முறையாகச் சொன்னாள்.

“மூணு மணிக்கு ராகு காலம்மா. உன் குறி எங்க ஓடிடப் போகுது?” என்ற இயக்குநர் தணிகாசலம், இரண்டு ஐம்பத்தொன்பதுக்கே மோதிர விரலால் பொத்தானை அழுத்தினார். அவள் குறி வைத்து முடித்தபோது மூன்று மணி நான்கு நிமிடம்.

கைதட்டல் ஓய்ந்ததும், தோளில் குழந்தையோடு ஒருவர் கவுன்ட்டரில் ரசீதை நீட்டினார். “மூணு மணி ஒரு நிமிஷத்துக்குப் பதிஞ்சது, மேடம். சான்றிதழ் காட்டினாத்தான் குழந்தையோட ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் தருவாங்களாம்.”

எழுத்தர் புதுப் பிரதியில் இரண்டு முறை தேடினார். “அப்படி ஒரு பிறப்பே இல்லைங்களே.”

செண்பகவல்லி மேடையைப் பார்த்தாள். “இனி ஒரு பதிவுகூடத் தவறாது” என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். இல்லாத குழந்தை அதைவிட உரக்க வீறிட்டது.