ஞாயிற்றுக்கிழமைத் தடம்

"ஏளா, எவனாவது கொற சொல்லிருக்கானா?"

காலையிலிருந்து அண்ணன் ஜெரால்டு மூன்றாவது முறையாகக் கேட்டான்.

"ஒருத்தனும் சொல்லல. ஒனக்கு ஏன் அதுல இம்புட்டு ஆச?"

அவன் மடியில் கிடந்த வலையின் கிழிசலுக்குள் ஊசியை விட்டான்.

போன ஞாயிறு பூசைக்கு வராமல் ஆத்தூருக்கு வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, வெறுங்கையோடு திரும்பியதிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை. பொழுது போகாமல் என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்தேன்.

நான் எழுதிய கணினி நிரல் சின்னது. வள்ளத்தில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி, போகும் வழியைப் புள்ளி புள்ளியாகக் குறித்து வைக்கும். அந்தப் புள்ளிகளைக் கோர்த்து, எந்த நாளில் எங்கே போனோம், எங்கே நின்றோம் என்று என் நிரல் படத்தில் காட்டும். வீட்டுப் பழைய கணினியில் அண்ணனும் அதில்தான் பார்ப்பான்.

அதை ஓர் இலவச மென்பொருள் தொகுப்பில் சேர்த்திருந்தேன். உலகம் முழுக்க இருப்பவர்கள், சம்பளம் இல்லாமல், பிடித்துப்போய்ச் செய்கிற வேலை அந்தத் தொகுப்பு.

அங்கே இரண்டு தட்டுகள். புதிதாக வருவது முதலில் சோதனைத் தட்டில் இருக்கும். பத்து நாள் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம், குறை சொல்லலாம். பெரிய குறை எதுவும் வராவிட்டால் தானாக நிலையான தட்டுக்கு ஏறிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இது. நல்லது என்று யாரும் சான்று தர வேண்டியதில்லை. பத்து நாள் மௌனம் போதும்.

அன்று பத்தாவது நாள். மாலை ஐந்தரைக்கு நிலையான தட்டைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே போனது இரண்டு வருடம் அப்படியே இருக்கும். வெளியே நின்றது இரண்டு வருடம் வெளியேதான். வீட்டில் இதை எல்லோருக்கும் நான்கைந்து தடவையாவது விளக்கியிருப்பேன்.

மூன்று மணிக்குக் குறை வந்தது.

"ஞாயிறு வரவில்லை. மற்ற நாள் வருகிறது. கோப்பு இணைத்துள்ளேன்."

பெயர் இல்லை. தட்டுத் தடுமாறும் ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியங்கள். கொரியாக்காரரோ போர்ச்சுகல்காரரோ என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் வள்ளங்கள் போய்வந்த இருநூற்றுப் பதினான்கு தடங்களை வைத்துச் சோதித்திருந்தேன். அத்தனையும் தேறியிருந்தன.

அவற்றைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. திங்கள் இருந்தது, சனி இருந்தது. ஞாயிறு ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? மணப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை யார் கடலுக்குப் போகிறார்கள்? போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

கணினி கிழமைகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஞாயிறு பூஜ்யம், திங்கள் ஒன்று, சனி ஆறு. என் நிரலில் ஒரு வரி, கிழமை பதிவாகாத தடத்தைத் தள்ளிவிடச் சொல்கிறது. நான் எழுதியிருந்த விதத்தில், பூஜ்யம் என்றாலும் பதிவாகவில்லை என்றாலும் அதற்கு ஒன்றுதான். எத்தனை ஞாயிறு கொடுத்தாலும் தூக்கிப் போட்டுவிடும்.

ஒரே வரியில் சரிசெய்தேன். ஆனால் திருத்தம் மட்டும் போதாது. பழைய நிரலில் தோற்று, புதியதில் தேறுகிற ஒரு சோதனையையும் சேர்த்துத் தர வேண்டும். தந்தால் பத்து நாளைத் திரும்ப எண்ண மாட்டார்கள். அதற்கு நிஜமான ஞாயிற்றுக்கிழமைத் தடம் ஒன்று வேண்டும்.

வந்திருந்த கோப்பைத் திறந்தேன். எந்த நாட்டுக் கடலோ என்று ஆசையாகப் படத்தைப் பார்த்தேன்.

கோடு மணப்பாட்டுக் கரையிலிருந்து கிளம்பியது.

தேதி, போன ஞாயிறு. காலை ஆறே முக்காலுக்குப் புறப்பாடு. எட்டரைக்குத் திரும்புதல். ஊரே கோயிலுக்குள் பூசையில் இருந்த நேரம்.

கோடு நேராகக் கடலடிப் பாறைத்திட்டு ஒன்றுக்குப் போயிருந்தது. அங்கே ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு நேராகத் திரும்பியிருந்தது. மீன் தேடுபவன் அப்படிச் சுற்ற மாட்டான். பாறையில் மாட்டிய வலையை எடுக்கப் போனவன்தான் சுற்றுவான்.

குறையோடு வரும் கோப்பு எனக்கு மட்டும்தான் தெரியும். சோதனையோடு போகும் கோப்பை உலகமே பார்க்கலாம். ஊர்க் கமிட்டியில் ஒருவர் கண்ணில் பட்டாலும், வரும் திருவிழாவில் சப்பரம் தூக்கும் வரிசையில் ஒரு தோள் குறையும்.

மணி நாலே முக்கால்.

சோதனைக்கு வேண்டியது கிழமை. கரை எதுவானால் என்ன?

எல்லாப் புள்ளிகளையும் தெற்கே இருபது பாகை தள்ளினேன். இப்போது அந்த வள்ளம், நிலமே கண்ணில் படாத நடுச்சமுத்திரத்தில் ஒரு ஞாயிறு காலை கிளம்பி, ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது.

பழைய நிரலில் தோற்றது. புதியதில் தேறியது. ஐந்து பத்துக்கு அனுப்பினேன். ஐந்து இருபதுக்கு, எந்த ஊரிலோ இருக்கும் ஒருவர் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார்.

கணினியை மூடினேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வல முழுசாக் கெடச்சுதாண்ணே?"

ஊசி அந்தரத்தில் நின்றது. அவன் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"பாதிதான். அந்தப் படத்துல ஞாயித்துக்கெழமய மட்டும் காணல. சரி, ஆண்டவரே அழிச்சுட்டாருன்னு சந்தோசப்பட்டேன்."

"பெறகு எதுக்குக் கொற சொன்ன?"

"ஏளா, கொறயோட உள்ள போனா ரெண்டு வருசம் அப்படியே கெடக்கும்னு நீதான சொன்ன?"