சுண்டுவிரலின் கூச்சல்

தணிகாசலம் ஜிம்மில் எலிப்டிகல் மெஷினில் ஏறிக் கால்களால் மிதிக்கத் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஷூவுக்குள் இருந்த இடது கால் சுண்டுவிரலுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏய் லேஸ்! ரத்தம் வர வழியில்லாம இப்படியா இறுக்குவே? பாவி!"

"என்கிட்ட எரிஞ்சு விழாதே. ஷூ கழண்டுடும்னு பயந்து மூச்சைப் பிடிச்சு முடிச்சுப் போட்டவர் அவர். தைரியம் இருந்தா அவர்கிட்ட கத்து," என்றது லேஸ்.

சுண்டுவிரல் கத்தியது. ஊசி ஊசியாகக் குத்தியது, தீயாக எரிந்தது, மற்ற நாலு விரல்களையும் உசுப்பிவிட்டுக் கத்தவைத்தது. தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். காதில் ஓடிய பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

கத்திக் கத்தி இருபதாவது நிமிஷத்தில் விரல் மரத்தே போனது. காலில் ஷூ இருப்பதே தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. மெஷினை நிறுத்திக் குனிந்தார்.

"லேஸ் தளர்ந்துடுச்சு போல," என்று முணுமுணுத்து, முன்னைவிட இறுக்கிக் கட்டினார்.

"திட்டேன், நாலு வார்த்தை நறுக்குன்னு திட்டேன்!" என்று லேஸே பதறியது.

திட்டுவதற்குச் சுண்டுவிரலிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. குரல்தான் எழும்பவில்லை.

"அப்பாடா, வலி விட்டுடுச்சு," என்று தணிகாசலம் மறுபடி ஏறி மிதிக்கத் தொடங்கினார்.