சோற்றுப் படம்

கடல் தாண்டிப் போய்ப் படிக்க வேண்டும் என்று ஒரு காகத்துக்கு ஆசை. அந்தப் பல்கலைக்கழகத்தில் குயில் பாஷை தெரிந்தால்தான் இடம். அதற்கு ஆன்லைனில் ஒரு பரீட்சை.

காகம் தொண்டை வறளக் கூவிப் பழகியது. சொந்தங்களோடு பேசினால் நாக்கு கெட்டுவிடும் என்று மாதக்கணக்கில் அவற்றின் பக்கமே போகவில்லை. பரீட்சையன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திரையின் முன் தனியாக உட்கார்ந்தது.

“வேறு குரல் கேட்டால் பரீட்சை ரத்து. மறுவாய்ப்பு கிடையாது” என்றது திரையில் வந்த குயில்.

வாசிப்பும் எழுத்தும் நன்றாகவே போயின. கடைசியாகப் பேச்சு.

“இந்தப் படத்தைப் பற்றிப் பேசு.”

இலையில் ஆவி பறக்கும் சோறு.

காகம் வாயைத் திறந்தது. சோற்றைக் கண்டால் தனியாக இருந்து பழக்கமில்லாத வாய் அது.

“கா! கா!”

அவ்வளவுதான், ஜன்னல் கம்பி முழுக்கக் காகங்கள். எல்லாம் சேர்ந்து கரைந்தன.

“வேறு குரல் கேட்டது. ரத்து” என்றது குயில். திரை இருண்டது.

அத்தைக் காகம் கம்பிக்குள் தலையை நீட்டியது.

“இத்தனை மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கே. சோறு எங்கே கண்ணு?”