பதினேழு அங்குலக் கை

சண்டைக் காட்சிகளில் ஹீரோவுக்கு டூப் போடும் ஏகாம்பரத்துக்கு நாற்பத்தாறு வயது. ஹீரோவின் கைச் சுற்றளவு பதினேழு அங்குலம், இவருடையது பதினாறு. எட்டிப் பிடிக்காவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவான். நான்கு மாதமாகத் தினமும் ஜிம்மில் இதே பெஞ்சில் படுத்து எடை தூக்குவதுதான். "கைக்குப் பின்னாடி ட்ரைசெப்ஸ் சதை ஏறணும்னா பாரை நெருக்கிப் பிடிங்கண்ணே. முழங்கை விரியவே கூடாது," என்றான் ஜிம் மாஸ்டர் ரூபன். ஆறாவது முறை எடை மாட்டிய பார் நெஞ்சுக்கு இறங்கியபோது அவனுடைய போன் அடித்தது. பேசி முடித்துத் திரும்பினான். "ஹீரோவோட மேனேஜர்ணே. அடுத்த படத்துல ஹீரோவுக்குக் காசநோயாளி வேஷமாம். பதினஞ்சு கிலோ குறைக்கிறாராம். உங்களையும் இளைக்கச் சொன்னாரு." பார் ஏகாம்பரத்தின் நெஞ்சின்மேலேயே கிடந்தது. "தூக்கிடட்டுமாண்ணே?" "இருடா," என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கிறேன். நிம்மதியாப் படுத்து எத்தனை நாளாச்சு."