ஐஸ்பெட்டி மேல் மார்லீன்

"கால் நீளமா இருக்கே, அண்ணே. பின்னாடி மரத்தடிக்குப் போயிருங்க."

ஆரஞ்சு மேல்சட்டை போட்ட தொண்டர் பெண் சொன்னது நெவிலின் காலை அல்ல, அவன் தூக்கி வந்த நாற்காலியின் காலை.

திராட்சைத் தோட்டத்துப் புல்வெளியில் கச்சேரி என்றால் குட்டைக்கால் நாற்காலி முன்னால், நீளக்கால் நாற்காலி பின்னால். யாரும் யாரையும் மறைக்கக் கூடாது. அடிலெய்டிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இந்தச் சட்டத்தை ஓதுகிறவனே நெவில்தான்.

"போன வருஷம் எங்கம்மாவையே எழுப்பி அனுப்பினது நீங்கதானே?" என்று அவள் சிரித்தாள்.

குட்டை நாற்காலிகளைத்தான் காரில் வைக்கச் சொல்லியிருந்தான். மனைவி மார்லீன் மீன்பிடிக்கப் போகும்போது போடுகிற நீளக்கால் நாற்காலிகளை எடுத்து வைத்திருந்தாள்.

"பின்னாடியே உக்காரலாம் நெவ். நிழலா இருக்கு."

உச்சி வெயிலில் தக்காளிக்கு மண் அணைக்கிறவள், நாற்பது வருடக் குடித்தனத்தில் நிழல் கேட்டது இதுவே முதல் தடவை.

நிழலாவது ஒன்றாவது. பாடப் போவது வெர்ன் ஹாலிகன். வயது எழுபத்தைந்து. இதுதான் கடைசிக் கச்சேரிச் சுற்று என்று பேச்சு.

நெவில், தீனி அடைத்து வந்த ஐஸ்பெட்டியைக் கொண்டுபோய் மேடைக்கு நேர் எதிரே புல்லில் வைத்து, அதன் மேல் மார்லீனை உட்கார வைத்தான். தான் தரையில் உட்கார்ந்தான். இளவயதில் இதே வெர்னின் கச்சேரியில் வாங்கிய சட்டையைப் போட்டிருந்தான். வயிற்றுக்கு மேல் இரண்டு பொத்தான்கள் போடவே முடியவில்லை. அதை ஸ்டைல் என்று வைத்துக்கொண்டான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'வெள்ளை விரிப்புகள்' பாட்டை மார்லீன் ஒரு தடவையாவது முழுதாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

காரில் அது ஆரம்பித்தால் ஜன்னலை இறக்கிவிடுவாள். வீட்டில் ஆரம்பித்தால் தோட்டத்துக்குப் போய்விடுவாள். கல்யாணத்தன்று முதல் நடனத்துக்கே அந்தப் பாட்டைத்தான் போடச் சொன்னான். மணப்பெண்ணுக்குத் தலைவலி வந்துவிட்டது.

பாட்டு வேறொன்றுமில்லை. நெடுஞ்சாலையோர விடுதியான ஒரு மோட்டலின் கொல்லையில் படுக்கை விரிப்பு காயப்போடும் பெண்ணைப் பற்றியது. யார் அவள் என்று வெர்ன் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் ஒரு சிட்னி நடிகை என்று ரசிகர் சங்கப் பத்திரிகையில் ஒன்பது பக்கத்துக்கு நிரூபித்தவன் நெவில். "நடிகை எதுக்கு விரிப்பு காயப்போடுறா?" என்று மார்லீன் கேட்டதற்கு, அது உருவகம் என்று அரை மணி நேரம் விளக்கினான்.

இந்தக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்ததைச் சொன்னபோதும் அவள் துணிதான் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல வாயில் இரண்டு கிளிப். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

வெர்ன் தொப்பியோடும் கைத்தடியோடும் வந்தார். நாலைந்து பாட்டுக்குப் பிறகு 'வெள்ளை விரிப்புகள்' வந்தது.

நெவில் மேடையைப் பார்க்கவில்லை. மார்லீனின் முகத்தைப் பார்த்தான். அவள் ஆலிவ் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

முதல் சரணம் போயிற்று. இரண்டாவதன் நடுவில் கிழவர் நின்றார்.

விரல்கள் கிதார் தந்தியில் ஓடின. சொல் வரவில்லை. அதே இடத்தைத் திரும்ப வாசித்தார். மறுபடியும் வாசித்தார். ஜனங்கள் சங்கடப்பட்டுக் குனிந்து புல்லைப் பார்த்தார்கள்.

அடுத்த வரி நெவிலுக்கு அத்துப்படி. அந்தப் பாட்டுக்கு எத்தனை பதிவு உண்டோ அத்தனையும் அவன் வீட்டில் உண்டு. இதற்காகத்தான் பிறந்தோம் என்று எழுந்து நின்று வாயைத் திறந்தான்.

கர்ணனுக்கு மந்திரம் மறந்த மாதிரி, காற்றுதான் வந்தது.

ஐஸ்பெட்டி மேலிருந்து ஒரு குரல் மெல்ல எடுத்துக் கொடுத்தது.

'வாயில் கிளிப்பைக் கடித்திருந்தாள்,
வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.'

நெவிலுக்கு மானம் போயிற்று. பாடியதுதான் பாடினாள், சரியாகப் பாடக் கூடாதா?

"அது இல்ல, மார்லீன். அப்படி ஒரு வரியே கெடையாது."

மேடையில் கிதார் நின்றுவிட்டது.

வெர்ன் கண்ணுக்கு மேல் கையை வைத்து, முன்பக்கத்துப் புல்லை ஒரு கோடியிலிருந்து துழாவிக்கொண்டே வந்தார். ஐஸ்பெட்டி மேல் பார்வை நின்றது. தொப்பியைக் கழற்றினார்.

பிறகு, அவள் விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியை எடுத்தார். அதுவும் எந்தப் பதிவிலும் கிடையாது.

பத்தொன்பது வயதில் மார்லீன் ஒரு கோடை முழுக்கப் போர்ட் அகஸ்டாவில் அத்தையின் மோட்டலில் வேலை பார்த்தவள். இது நெவிலுக்கு ஆதியிலிருந்தே தெரியும். ஒன்பது பக்கத்தில் அதற்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

"டப்பாவ மூடி வை நெவ். ஈ மொய்க்குது," என்றாள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உட்கார்ந்து மூடினான். இந்தப் பாட்டு சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குத் தோன்றியது.

கிழவர் மூன்றாவது சரணத்தை ஆரம்பித்தார். அந்தப் பாட்டுக்கு இரண்டு சரணம்தான் என்று நெவில் எத்தனையோ பேரிடம் பந்தயம் கட்டியிருக்கிறான்.

மார்லீன் முழுதாகக் கேட்டாள்.